புறவாசல் மேட்டுப்பாத்தி: வெடிநிலத்து வேளாண்மை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிவகாசியில் ஒரு வீட்டுப் புறவாசலில் 6 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கட்டப்பட்ட ஒரே ஒரு மேட்டுப்பாத்தியை வைத்துக்கொண்டு உலகம் முழுமைக்கும் பொருந்தும் முடிவுகளை இக்கட்டுரை நிறுவுகிறது. ஆய்வுக்கு நிதி நல்கியவர் ஆய்வாளரே. தொகை எவ்வளவு என்பது அவருடைய மனைவிக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

1. சொல்லாராய்ச்சி

சிவகாசியில் நின்றுகொண்டு 'வெடி' என்றால் வெளியூர்க்காரருக்குப் பட்டாசுதான் நினைவுக்கு வரும். இது வரலாறு அறியாதார் கூற்று. கரிசல் சீமையில் முதலில் வெடித்தது பருத்தி. பிறகு வெள்ளரிப்பழம். சித்திரை பிறந்தால் மண்ணே வெடிக்கும். கைவிரல் என்ன, சில இடங்களில் கையே நுழையும். பட்டாசு இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த கடைக்குட்டி.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்து வெள்ளாமை கைவிட்ட ஊருக்கு அது கைகொடுத்தது. எந்த வெயில் பயிரைக் காயப்போட்டதோ, அதே வெயில் தீக்குச்சியையும் பின்னாளில் வெடித்திரியையும் காயவைத்துக் கொடுத்தது. ஆகவே, பட்டாசுக்கு வரமான வெயில் கீரைக்குச் சாபம் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

2. முன்னோர் ஆய்வுகள்

பாத்திக்கும் பட்டாசுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. தாயும் பிள்ளையும் என்பதே விடை. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் சுவீடனிலும் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைப் பாத்தி கட்டி விளைவித்தார்கள். சாணம், சாம்பல், வைக்கோல், மண் எல்லாவற்றையும் மேடாகக் குவித்து, அவ்வப்போது மூத்திரம் ஊற்றி, கிளறிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு அந்த மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சினார்கள். நம் நாட்டில் பீகார்க் கிராமங்களில் தொழுவ மண்ணைச் சுரண்டிக் காய்ச்சிய வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போனது.

இதன் சூத்திரம் எளிது. சாணத்தில் உள்ள நைட்ரஜனை மண்ணின் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதை வேர் தின்றால் கத்தரிக்காய். தின்னவிடாமல் காய்ச்சி எடுத்தால் வெடியுப்பு. ஆக, காய்கறிப் பாத்தி என்பது கடைசிவரை வெடிக்காமல் பார்த்துக்கொள்ளப்பட்ட வெடிமருந்து ஆலை. இதற்கு உரிமம் தேவையில்லை என்பது கூடுதல் வசதி.

பச்சை நிறத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வாணத்தில் பச்சை வருவது பேரியத்தால். இலையில் பச்சை வருவது பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் மக்னீசியத்தால். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. அதன் பிறகு யாரும் கேள்வி கேட்காத பச்சை என்று இவ்வூரில் மிஞ்சியிருப்பது கீரைதான்.

3. நாள் குறித்தல்

நாடு முழுவதும் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை அச்சடிக்கும் ஊரில் நாள் பார்க்காமல் கடப்பாரை எடுப்பது மரபன்று. கிணறு தோண்டவும் கிழங்கு ஊன்றவும் கீழ்நோக்கு நாள். சுவர் எழுப்பவும் செடி வைக்கவும் மேல்நோக்கு நாள். மேட்டுப்பாத்தி எதில் சேர்த்தி? மண்ணைத் தோண்டுவதால் கீழ்நோக்கு; சுவர் எழுப்புவதால் மேல்நோக்கு. முள்ளங்கி போட்டால் கீழ். வெண்டை போட்டால் மேல். ஆய்வாளர் சமநோக்கு நாளைத் தேர்ந்தெடுத்தார். அன்று கொத்தனார் வரவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நட்சத்திரங்கள் 27, மேல்நோக்கு 9, கீழ்நோக்கு 9, சமநோக்கு 9. ஆறை மூன்றால் பெருக்கி ஒன்றரையால் பெருக்கினால் பாத்தியின் கொள்ளளவு 27 கன அடி. செம்மண் 9, மக்கிய தொழுவுரம் 9, தென்னை நார்க்கழிவு 9. இது தற்செயல் என்று சொல்வோருடன் ஆய்வாளர் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை.

4. கட்டுமானம்

மறுநாள் வந்த கொத்தனார் அளவுச்சீட்டை ஒருமுறை பார்த்தார். ஆய்வாளரை ஒருமுறை பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணாச்சி, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காகள்ல?"

ஆறுக்கு மூன்று என்ற அளவு எதற்குரியது என்பது அப்போதுதான் உறைத்தது. விளக்கம் சொன்ன பிறகும் அவர் தெற்கு வடக்காகக் கட்ட மறுத்து, கிழக்கு மேற்காகத்தான் கட்டிவிட்டுப் போனார். "காய்கறித் தொட்டிக்கு அஸ்திவாரம் எதுக்கு?" என்று செலவைக் குறைத்தவர் ஆய்வாளர். இந்த வாக்கியம் பின்னர் தேவைப்படும்.

5. கண்டறிந்தவை

ஆடிப்பட்டம் தேடி விதைத்தாயிற்று: வெண்டை, கத்தரி, சீனி அவரை, தண்டங்கீரை. ஆடிக்காற்று நாலு பக்கமும் பாத்தியைத் துடைத்துக் காயவைத்தது. மேட்டில் நிற்கும் மண்ணுக்குக் காற்றும் வெயிலும் பக்கவாட்டிலும் படும்; தரையில் இருக்கும் மண்ணை விட விரைவில் உலரும். குழாயில் தண்ணீர் வரும் நாளில் ஊற்றினால், விளிம்பு வரை நிரப்பிய மண் அதை ஏற்காமல் சுவர் வழியே வெளியே தள்ளியது. புறவாசலில் நன்றாக விளைந்தது சுவருக்கு வெளியே இருந்த கோரைதான்.

புறநிலைத் தேர்வாளராக அமர்ந்திருந்த ஆய்வாளரின் தாயார் அப்போது தம் கருத்தைப் பதிவு செய்தார்: "ஏய்யா, பாத்தின்னா தண்ணி நிக்கணும். இது திண்ணையால்ல இருக்கு?"

ஆய்வே இந்த இடத்தில் ஆட்டம் கண்டது. நம்மவர் சொல்லும் பாத்தி, சுற்றி வரப்பு கட்டி நடுவில் தண்ணீர் தேக்கும் பள்ளம். மழை குறைந்த சீமைக்கு அதுதான் சரி. அமெரிக்காவின் வறண்ட தென்மேற்கில் சூனி மக்களும் இப்படிப் பள்ளக் கட்டங்களில்தான் பயிர் வைத்தார்கள். மேட்டுப்பாத்தி என்பது தண்ணீர் தேங்கி வேர் அழுகும் இடத்துக்கான வைத்தியம். வெற்றிலைக் கொடிக்காலில் பார் உயர்த்தி, இடையில் வாய்க்கால் விடுவது அதனால்தான்.

அப்படியானால் ஆய்வாளர் தோற்றாரா? இல்லை. ஐப்பசி வந்தது. இம்மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 80 சென்டிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். கரிசல் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பி, அதன்பின் ஒரு சொட்டையும் கீழே விடாமல் சேறாகக் கிடக்கும். அக்கம்பக்கத்துத் தரைச்செடிகள் அழுகியபோது மேட்டுப்பாத்தியில் கத்தரி தலைநிமிர்ந்து நின்றது. முதல் கத்தரிக்காயின் அடக்கவிலையை ஆய்வாளர் ஒரு காலண்டர் தாளில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப்போட்டார்.

உப்பிய கரிசல் சித்திரையில் சுருங்கியது. அஸ்திவாரம் இல்லாத பாத்தியின் கிழக்குச் சுவர் உச்சி முதல் அடி வரை பிளந்தது. வெடிகளின் வரிசையில் ஐந்தாவது.

6. முடிவுகள்

சிவகாசியில் பாத்தி ஐப்பசிக்கு மேடாகவும் சித்திரைக்குப் பள்ளமாகவும் இருக்க வேண்டும். வெளியே மேடு, உள்ளே பள்ளம் என்பதே தீர்வு. சுவரைச் சிமெண்டால் கட்டாமல் செங்கல்லைச் சும்மா அடுக்குங்கள். மண் அசைந்தால் அதுவும் அசைந்துகொடுக்கும். உயரம் ஓர் அடி போதும். மண்ணை விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நிறுத்துங்கள். ஊற்றிய தண்ணீர் நின்று இறங்கும். மேலே சருகு மூடாக்கு, கோடையில் நிழல்வலை. அளவை மட்டும் ஆறுக்கு மூன்று என்று கொத்தனாரிடம் சொல்லாதீர்கள்.

பின்னிணைப்பாக ஒரு தகவல். அடுத்த ஐப்பசியில், பிளந்த சுவருக்கு வெளியே, வெறுங்கரிசலில் ஒரு கொடி ஓடியது. அதலை. கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, மழை விழுந்ததும் தானாக முளைக்கும் கரிசல் காட்டுக் காய். அதற்கு நாள் பார்க்கவில்லை, தொழுவுரம் போடவில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. அது காய்த்த அன்று மதியம் வீட்டில் அதலைக்காய் வதக்கல்.