கப்பலோட்டாத தமிழர்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு முதல் முறையாக லோடு கொண்டுவரும் லாரி டிரைவருக்கு நாங்கள் வழி சொல்வது இப்படித்தான்: "நேரா வா. ஒரு ஷெட்டுல படகு நிக்கும். அதுக்கு ரெண்டு கேட் தள்ளி நம்ம கம்பெனி." எதிர்முனையில் சற்று நேரம் பேச்சு வராது. பிறகு, "அண்ணே, நான் திருவள்ளூர் வந்துட்டேன். நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?" என்பார்.

அவர் கேட்பதில் தப்பில்லை. மாவட்டத்துக்குக் கடல் உண்டு. ஆனால் அது கிழக்குக் கோடியில், பழவேற்காட்டுப் பக்கம். எங்கள் ஊரில் இருப்பவை ஓர் ஏரி, ஓர் ஆவின் பால் பண்ணை, நாள் முழுக்கப் பிரஸ் அடிக்கும் சத்தம். இதற்கு நடுவில் பதினெட்டடி ஃபைபர் படகு ஒன்று எட்டுப் பழைய லாரி டயர்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் கடல் அல்ல. எங்கள் பக்கத்து ஷெட்டுக்காரர்.

தொழிற்பேட்டை முதலாளிகளில் இப்படி ஓர் இனம் உண்டு. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பையன் படித்துவிட்டு வெளிநாடு போயிருப்பான். பிரஸ் டூல் வேலை முழுவதையும் ஃபோர்மேன் தலையில் கட்டியாகிவிட்டது. கையில் வெர்னியர் இருக்கிறது, அளப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் ஒரு பழைய சாமான் கண்ணில் படும். சிலருக்கு அது ராஜ்தூத் பைக், சிலருக்குப் பத்மினி கார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கிராமஃபோன். நம்மவருக்குப் படகு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை நெடுக ஃபைபர் படகுகளைத் தொண்டு நிறுவனங்கள் வாரி வழங்கின. கட்டுமரம் போய் ஃபைபர் வந்தது அந்தக் காலத்தில்தான் வேகமெடுத்தது. அப்படி வந்த ஒன்று ஓடி ஓய்ந்து பழவேற்காட்டில் கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. நம்மவர் நண்டு வாங்கப் போனவர். நண்டை மறந்தார், நாயை எழுப்பினார், ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகின் முதுகை முழுக்கத் தட்டிப் பார்த்தார். 'டக்'கென்றால் உடம்பு நன்றாக இருக்கிறது, 'தொப்'பென்றால் உள்ளே ஃபைபர் மேட் பிரிந்திருக்கிறது. அவர் கணக்கில் டக் அதிகம். ஃபோர்மேன் கணக்கில் தொப் அதிகம். முதலாளி கணக்குதான் நின்றது.

ஆடி மாதம். பொன்னேரி, பெரியபாளையம் வழியாக லாரியில் படகு வந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பகுதியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். பெரியபாளையத்துக் கூட்டத்தில் சிலர் அதை அம்மன் தெப்பம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். இதை நம்மவர் நல்ல சகுனம் என்றார். அவர் வீட்டம்மா, "அவங்களாவது கும்பிட்டாங்க, நான் கைகூப்பக்கூட முடியாத மாதிரி நிக்கிறேன்" என்றார்.

படகின் உடம்பை மூன்றே வாரத்தில் முடித்துவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பிரிந்த இடத்தைச் சுரண்டி, மேட் வைத்து, ரெசின் பூசி, எஞ்சின் மாட்டும் பின்பலகையில் ஊறிப்போன ப்ளைவுட்டை எடுத்துவிட்டு ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் ப்ளைவுட் வைத்தார். ஒரே ஒரு தடவை ஹார்ட்னர் கூடிப்போய் மக்கிலேயே ரெசின் புகைந்தது, அவ்வளவுதான். உண்மையான வேலைக்காரர்.

பாக்கி இரண்டே இரண்டு. ஒன்று, உட்காரும் சீட். இன்னொன்று, பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி. இந்த இரண்டும் நான்கு வருஷமாக நடக்கின்றன. ஷெட்டில் பையன்கள் அவருக்கு 'கப்பலோட்டாத தமிழர்' என்று பெயர் வைத்தது இரண்டாம் வருஷத்தில். கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி. 1906-இல் கம்பெனி தொடங்கி மறு வருஷமே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர். அந்த வேகத்தை நம்மவரிடம் எதிர்பார்க்க முடியாது. வ.உ.சி.க்குச் சீட் பற்றி இத்தனை யோசனை இருந்திருக்காது.

முதலில் சீட். பழவேற்காட்டுக்காரர் ஒருவரை வரவழைத்து ஆலோசனை கேட்டார். வந்தவர் படகைச் சுற்றி வந்தார், முன்பக்க அணியத்தைத் தடவினார், டீ குடித்தார்.

"சீட்டா? எதுக்கு சார்?"

"உக்கார."

"இதுல உக்காந்துக்கினு எவன் சார் மீன் புடிக்கிறான்? நின்னுக்கினுதான் வலை வுடணும். கால் வலிச்சா குறுக்குப் பலகை இருக்குது. ஏரியில ஆழம் எங்க இருக்குது, கழி போட்டுத் தள்ளிக்கினு போறோம்."

அவர் சொன்னது உண்மை. சில்காவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி என்று பெயர்தான். பழவேற்காட்டு ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர். நம்மவர் வரைந்து வைத்திருந்த சுழல் நாற்காலி, தண்டோடு சேர்த்து அதைவிட உயரம். இதை நான் சுட்டிக்காட்டியபோது, "அப்போ பார்வை நல்லா கிடைக்கும்" என்றார்.

அவருடைய சீட் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பிளாஸ்டிக் நாற்காலி, கால் வெட்டியது. வெயிலில் வெளுத்து ஒரு நாள் ஹெல்பர் உட்கார்ந்ததும் இரண்டாய்ப் பிளந்தது. அடுத்து புதுப்பேட்டையிலிருந்து ஆம்னி பஸ் புஷ்பேக் சீட் ஒரு ஜோடி. உட்கார்ந்தால் தூக்கம் வந்தது, மீன் வரும் வழியைக் காணோம். மூன்றாவதாக, மூடிய சலூன் கடை ஒன்றிலிருந்து முடிவெட்டும் நாற்காலி. சுற்றும், உயரும், தாழும், தலை சாய்க்க இடமும் உண்டு. மூன்று மாதம் அதுதான் முடிவு என்றிருந்தார். அதன் இரும்பு அடிப்பாகத்தை எடை போட்டதும் முகம் மாறிவிட்டது. நான்காவது, ஆபீஸ் சுழல் நாற்காலி, சக்கரம் கழற்றியது. அதைப் படகுத் தளத்தில் போல்ட் போட்டு முடுக்கி, ஃபோர்மேனை உட்காரவைத்து, "இப்போ வலது பக்கம் பெரிய மீன் இழுக்குது, திரும்பு" என்றார். ஃபோர்மேன் திரும்பினார். படகும் கூடவே திரும்பி ஒரு டயரை விட்டு இறங்கியது. தரையிலேயே கவிழப்பார்த்த படகை அன்றுதான் நான் பார்த்தேன்.

அந்தச் சம்பவத்தில் ஒரு பாடம் இருந்தது. அதை அவரே எங்களுக்கு எடுத்தார். உட்காரும் உயரம் ஏற ஏற எடையின் மையம் மேலே போகும், மையம் மேலே போனால் படகு சாயத் துடிக்கும். போல்ட்டுக்கு அடியில் அகலத் தகடு வைக்காவிட்டால் ஆள் சாயும்போது போல்ட் ஃபைபரைக் கிழித்துக்கொண்டு வரும். இத்தனையும் டெலிவரி சலானின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். ஸ்டீல்கூட 304 போதாது, உப்புத் தண்ணீருக்கு 316 வேண்டும் என்று தனியாக ஆர்டர் கொடுத்தார். எத்தனை சீட் என்பதில் மட்டும் அவர் பிடிவாதக்காரர்: மூன்றுக்கு மேல் கிடையாது. பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே உல்லாசச் சவாரிக்குத் தடை. "சொந்தக்காரன் வந்து கெஞ்சினாலும் நாலாவது ஆளுக்கு உக்கார இடம் இருக்கக்கூடாது. இடம் இருந்தா ஏறிடுவான்" என்றார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவரைக் கிண்டல் செய்வதில்லை.

மெத்தைக்கு வீட்டுக் கட்டில் ஸ்பான்ஜையே வெட்டி ரெக்சின் தைத்திருந்தார். ஷெட் ஓட்டை வழியாக ஒரு ராத்திரி மழை இறங்கியது. மேலே துடைத்தால் காய்ந்துதான் இருந்தது. மூன்று நாள் கழித்து ஃபோர்மேன் அதில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது, பேன்ட் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அன்று கேட் வரை ஃபைலை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். இப்போது தண்ணீர் குடிக்காத ஃபோம் போட்டிருக்கிறார். அவர் வீட்டு சோபாவில் ஆறு வருஷமாக ஸ்பிரிங் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி வீட்டம்மா பேச்செடுத்தால், "அது தண்ணியில போறதில்லையே" என்கிறார்.

இனி தொட்டி. இதில் அவர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கலாம். இருபது டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், முப்பது டிகிரியில் ஏழரைதான் கரையும், நம் ஊர் வெயிலில் தொட்டி சூடானால் மீன் மூச்சுத் திணறும். எனவே மூடி வேண்டும், காற்று பம்ப் வேண்டும், தண்ணீர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இதை டீக்கடையில், வடைக்காகக் காத்திருப்பவர்களிடம் சொல்வார்.

முதலில் இருநூறு லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்தார். முன்பு அதில் என்ன கெமிக்கல் இருந்தது என்று யாருக்கும் தெரியாததால் விட்டார். அடுத்து ஸ்டீல் ஷீட்டில் சதுரத் தொட்டி. பற்றவைப்பு அவ்வளவு அழகு. நானே விலைக்குக் கேட்டேன். ஆனால் சதுரமென்றால் மீன்கள் மூலையில் போய் நெருக்கிக்கொண்டு மூக்கை உரசிக்கொள்ளும் என்று கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, மூலையே இருக்கக்கூடாது. உருண்டையாக, அகலமாக, மூடியோடு ஒரு பாத்திரம் எங்கே கிடைக்கும்?

வீட்டுப் பரணில். வீட்டம்மாவின் கல்யாணச் சீர், செப்பு அண்டா.

அது காக்களூர் வந்து சேர்ந்து, கூலன்ட் குழாயில் கழுவப்பட்டு, படகில் ஏறி உட்கார்ந்தும்விட்டது. மறுநாள் வீட்டம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். அண்டாவைக் காப்பாற்றியது அவர் வாய் அல்ல, வேதியியல். தண்ணீரில் கரையும் செம்பு மீனுக்கு விஷம் என்பதை முந்தின ராத்திரிதான் எங்கோ படித்திருந்தார் நம்மவர். "எடுத்துட்டுப் போ, இது மீனுக்கு ஆகாது" என்று பெருந்தன்மையாகக் கொடுத்தார். முப்பது வருஷமாக அதில் தனக்குச் சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கடைசியில் ஃபைபரிலேயே முட்டை வடிவத்தில் நூற்றைம்பது லிட்டர் தொட்டி வார்த்தார். நூற்றைம்பது லிட்டர் என்றால் நூற்றைம்பது கிலோ, அதாவது இரண்டு ஃபோர்மேன். பின்னால் வைத்தால் எஞ்சினும் சேர்ந்து அணியம் வானத்தைப் பார்க்கும். முன்னால் வைத்தால் அலையில் மூக்கு குத்தும். நடுவில் வைத்தால் சீட்டை நகர்த்த வேண்டும். சீட்டை நகர்த்தினார். பிறகு அரைத் தொட்டித் தண்ணீர் ஆடினால் படகே ஆடும் என்று உள்ளே தடுப்பு வைத்தார். தடுப்பில் மூலை வந்துவிட்டது. தடுப்பை எடுத்தார். எடை மேடைக்குப் படகை இருமுறை கொண்டுபோனார். எடைச் சீட்டில் 'சரக்கு' என்ற இடத்தில் எடை மேடைக்காரர் இரண்டு தடவையும் 'ஸ்கிராப்' என்றுதான் போட்டுக்கொடுத்தார்.

எப்போது தண்ணீரில் இறக்குவீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான், ஃபைபர் படகுக்கு அல்ல என்றால், "சட்டத்தை மதிக்கணும்" என்பார். தடைக்காலத்தில் படகை நிறுத்திவைப்பதில் அவரளவுக்குக் கறாரானவர் கிழக்குக் கடற்கரையிலேயே இல்லை. அப்புறம் வடகிழக்குப் பருவமழை. அப்புறம் மார்கழி, நல்ல காரியம் ஆகாது. தை பிறந்ததும் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கும்.

போன மாதம் ஃபோர்மேன் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு இரண்டு விரால் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி வண்டியில் மாட்டிவைத்திருந்தார். நம்மவர் கண்ணில் பட்டுவிட்டது. "சும்மா டிரையல்" என்று தொட்டியில் விட்டார். பேட்டரி இணைத்தார், பம்பைப் போட்டார், குமிழி பொங்கியது. ஒரு விரால் எகிறிக் குதித்துப் படகுத் தளத்தில் விழுந்தது. காக்களூர் வந்தபின் அந்தப் படகில் ஒரு மீன் விழுந்தது அதுதான் முதல் தடவை. ஷெட்டே கைதட்டியது. உடனே மூடிக்குக் கொக்கி செய்தார். ஃபோர்மேன் சாயங்காலம் மீனைக் கேட்டார். நம்மவர் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டி வேறு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு படகில்தான். நடு சீட்டைத் தொட்டியைப் பார்த்த மாதிரி திருப்பி முடுக்கிவிட்டார். சீட் விவகாரம் அத்தோடு தீர்ந்தது. சோற்றுப் பருக்கையைப் போட்டுவிட்டு, விரால் மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு போவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். "பாரு, பம்ப் எவ்ளோ நல்லா வேலை செய்யுது" என்பார்.

திருவள்ளூர் மார்க்கெட்டில் விரால் விற்கும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் முன்னால் ஒரு அலுமினிய அன்னக்கூடை, நாலு விரல் தண்ணீர், அதில் ஏழெட்டு விரால், காலையிலிருந்து உயிரோடு. "விராலுக்கு எதுக்குப்பா பம்ப்பு? அது மேல வந்து மூச்சு வுடும். ஈரம் இருந்தா போதும்" என்றார். பனையேறிக் கெண்டையும் இந்த ஜாதிதான். அது தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி எழுதிய கட்டுரையை லண்டன் லின்னேயன் சங்கம் 1797-லேயே அச்சிட்டிருக்கிறது. தண்ணீருக்கு வெளியே மூச்சு விடும் மீனுக்குத்தான் நம்மவர் நான்கு வருஷமாக ஆக்சிஜன் கணக்குப் போட்டிருக்கிறார்.

பம்ப் இப்போதும் இரவு பகலாக ஓடுகிறது. விஷயம் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. நீங்கள் காக்களூர்ப் பக்கம் வந்தால் படகை அவசியம் பாருங்கள், மூன்று சீட்டிலும் உட்கார்ந்து பாருங்கள், டீ வாங்கிக் கொடுப்பார். விராலைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.