ஆய்வும் ஆயாவும்

நீலகிரியில் மஞ்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட குந்தா வட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் துரை, களவேலையை மேற்பார்வையிடும் கண்டக்டர், மேஸ்திரி எனப் பல வகை மனிதர்கள் உண்டெனினும், அவர்கள் எவருக்கும் முன்பாகக் காலையில் கதவைத் திறந்துவைக்கும் காப்பக ஆயா, அதிலும் வேலைக்குச் சேர்ந்து தம் முதல் ஆய்வை எதிர்நோக்கியிருக்கும் ஆயா, தனி வகையாகவே கொள்ளத் தக்கவர். காப்பகம் என்பது கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மார் தம் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம்; சில தோட்டங்களில் அது லயத்தின், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகளின், கடைக்கோடி அறையாகவே இருப்பதுண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி இம்மலைகளில் குடியேறியோர் அதனைப் பிள்ளைக்காம்பரா என்பர். காம்பரா என்பது அறையைக் குறிக்கும் போர்த்துக்கீசிய வழிச் சொல். ஆயாவையும் சொல்லகராதி அம்மொழியிலிருந்தே வருவிப்பதால், அறையும் ஆளும் ஒரே கப்பலில் வந்திறங்கியவை எனலாம்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தன் 12ஆம் பிரிவில், குறைந்தது ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்திலும், பெண் தொழிலாளரின் பிள்ளைகள் குறைந்தது இருபது பேர் உள்ள தோட்டத்திலும் காப்பகம் வேண்டும் என்றும், அது போதிய வெளிச்சமும் காற்றோட்டமும் உடையதாய்த் தூய்மையாகப் பேணப்பட்டு, பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணொருவரின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றும் விதித்தது. இவற்றுள் காற்றோட்டத்தைக் குந்தாவில் எவரும் ஏற்பாடு செய்யவேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையேறி வரும் மாதங்களில் கதவிடுக்கில் கோணிப்பையைத் திணித்து அதனை வெளியே நிறுத்துவதுதான் ஆயாவின் முழுநேரப் பணி. ஆய்வு நாளன்று அந்தக் கோணி அகற்றப்படுகிறது. சட்டப்படியான காற்று உள்ளே வருகிறது. பிள்ளைகள் சட்டப்படி தும்முகின்றனர்.

ஆய்வு வருகிறது என்ற செய்தி முதலில் பிரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரித்துக்கொடுக்கும் களத்தில், வெளியாகிறது. அந்த நொடியிலிருந்து ஆயாவுக்கு உலகப் பொருள்கள் யாவும் காட்டத் தக்கவை, ஒளிக்கத் தக்கவை என இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. காப்பகம் திறந்த நாளிலிருந்து கண்ணாடித்தாள் உறை கிழியாமல் அலமாரியின் உச்சியில் அமர்ந்திருக்கும் பொம்மைகள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவை அன்று மட்டும் தரைக்கு இறங்கும், ஆனால் உறை பிரிக்கப்படாது. எடைப் பதிவேடும் அவ்வகையதே. அதில் எல்லாப் பிள்ளைகளும் மாதந்தோறும் தவறாமல் இருநூறு கிராம் கூடுகின்றனர் என்பதும், ஆறு மாத வளர்ச்சியும் ஒரே பேனாவின் ஒரே நீல மையில் நிகழ்ந்திருக்கிறது என்பதும் மருத்துவ நூலோர் கவனிக்கவேண்டிய செய்திகள்.

ஒளிக்கத் தக்கவற்றுள் முதலாவது கணப்புச்சட்டி. மூடிய அறையில் கரிநெருப்பின் புகை நஞ்சாகும் என்பதால் ஆயா இதனை அகற்றுவது முற்றிலும் சரியே; ஆய்வு முடிந்தபின் திரும்பக் கொண்டுவருவதுதான் தவறு. இரண்டாவது தூளி. பழைய நூல்சேலையை உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டுக் கட்டும் இத்தொட்டில், ஆயாவின் கணக்கில் நாகரிகக் குறைவானது. எனவே அது மடிக்கப்பட்டுத் தகரப்பெட்டிக்குள் செல்கிறது. உண்மையில் அவருடைய கல்வி முழுவதும் அடங்கியிருப்பது இதில்தான். எந்தப் பிள்ளை எந்தச் சேலையில் உறங்கும் என்பதும், தாயின் வியர்வையும் பச்சைக் கொழுந்தின் வாசமும் சலவையில் முற்றிலும் போய்விட்டால் அச்சேலை பயன்படாது என்பதும், முடிச்சை இரண்டு சுற்றுச் சுற்றி முந்தானையை உள்ளே செருகினால்தான் பிள்ளை புரண்டாலும் நழுவாது என்பதும் அவர் அறிந்தவை. பயிற்சி என்று சட்டம் எதைச் சொல்லியதோ, அதனை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்.

பிள்ளைகளுக்கும் ஒத்திகை உண்டு. ‘வணக்கம் சார்’ என்று ஒரே குரலில் சொல்லப் பழக்கப்பட்ட அவர்கள் பால்காரரையும் தோட்டத்து நாயையும் அவ்வாறே வரவேற்கின்றனர். சுவரில் ஒட்டிய விலங்குப் படத்தில் கரடியைக் காட்டி ‘இது என்ன?’ என்று வினவினால், ‘கரடி’ என்று நிறுத்திக்கொள்ளாமல் ‘நம்ம மளிகைக்கடைக் கதவ ஒடச்சிச்சே’ என மேல்விவரமும் தருவதால், அந்தப் படத்தின்மேல் திராட்சைப் படம் ஒட்டப்படுகிறது. காலையில் பிள்ளையை விடவரும் தாய் ஒருத்தி, ‘அக்கா, இவனுக்கு மூக்கு ஒழுகுது’ என்று தயங்கினால், ‘நாளைக்கு ஒழுகட்டும்டி, இன்னிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாங்க’ என்பது மறுமொழி.

ஆய்வாளர் ஒன்பது மணிக்கு வருவார் என்பது செய்தி. மூடுபனியில் ஜீப்பு ஊர்ந்து வருவதால் பன்னிரண்டரை ஆகிறது. அதற்குள் தேய்த்த சட்டைகள் சத்துமாவுக் கஞ்சியில் நனைந்திருக்கின்றன. உறக்கம் தவறிய கைக்குழந்தைகள் நால்வரும் சுருதி சேர்த்து அழுகின்றனர். இறங்கி வருபவர் ஒரு பெண்மணி. ‘வணக்கம் சார்’ என்ற முழக்கத்தை அவர் புன்முறுவலுடன் ஏற்றுக்கொள்கிறார். பதிவேட்டைப் புரட்டுகிறார், உறையிட்ட பொம்மைகளைக் கடந்து செல்கிறார், பிறகு தலையை உயர்த்தி உத்தரத்தில் வரிசையாக நிற்கும் நான்கு வெறுங்கொக்கிகளை நோக்குகிறார்.

‘தூளி எங்கம்மா? பிள்ளைங்கள எங்க தூங்கவைப்பீங்க?’

ஆயா சற்றும் திகைப்பதில்லை. தகரப்பெட்டி திறக்கிறது, ஆய்வாளர் பேனாவின் மூடியைக் கழற்றுவதற்குள் மூன்று சேலைகள் உத்தரம் ஏறிவிடுகின்றன, நான்காவதன் முந்தானையைச் செருகிக்கொண்டிருக்கும்போதே முதல் தூளியில் அழுகை நின்றுபோயிருக்கிறது.