வாட்ஸ் எவ்வளவு சார்?

கேள்வி: கையிருப்பையெல்லாம் போட்டு, ஆளுயர டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். இதற்கு எத்தனை வாட்ஸ் ஆம்ப் வாங்கலாம்? (வங்கி ஊழியர், சேலையூர்)

பதில்: கையிருப்பெல்லாம் போய்விட்டதென்றால் ஆம்பை எதைப் போட்டு வாங்குவீர்கள்? இருக்கட்டும். ஸ்பீக்கரோடு வந்த காகிதத்தில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஓர் எண் இருக்கும். 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் சத்தம் என்று அர்த்தம். சாயங்காலம் காபியோடு பாட்டுக் கேட்கிறவருக்கு அந்த ஒரு வாட்டே ஜாஸ்தி.

பின்னே ஏன் நூறு வாட்ஸ் ஆம்ப் விற்கிறார்கள்? தவில்தான் காரணம். சத்தம் 3 டெசிபல் கூட, வாட்ஸ் இரட்டிப்பாக வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. நல்ல நாகஸ்வர ரெக்கார்டிங்கில் தவில் அடி சராசரியைவிட 20 டெசிபல் எகிறலாம். ஒரு வாட்டில் சும்மா ஓடிக்கொண்டிருந்த ஆம்ப், அந்த நொடிக்கு மட்டும் நூறு கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அலையின் தலையை வெட்டிவிடும். அடி கணீரென்று விழாமல் சொத்தென்று விழும். வெட்டுப்பட்ட சத்தத்தை விடாமல் கூட்டி வைத்தால் மேல் சுரங்களைப் பாடும் ட்வீட்டர் கருகும். வீணை மட்டும் கேட்கிறவர் என்றால் 40 வாட்ஸே தாராளம்.

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்ட ஆம்ப் பார்த்தேனே! (பம்மல்)

பதில்: திருப்பிப் பாருங்கள். கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அது 60 வாட்ஸ் என்றால், பாக்கி 4,940 வாட்ஸ் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து எழுதுங்கள். மின்வாரியத்துக்கு உதவும்.

கேள்வி: ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டுமாமே? (ராஜகீழ்ப்பாக்கம்)

பதில்: பத்துப் பொருத்தம் வேண்டாம். இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை, அது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அட்டைப்பெட்டியில் '8 ஓம்' என்று இருப்பது மரியாதைக்கு. பேஸ் பகுதியில் அதே ஸ்பீக்கர் 3 ஓமுக்குக்கூட இறங்கலாம். ஓம் பாதியானால் ஆம்ப் இரண்டு மடங்கு கரண்ட் தள்ள வேண்டும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சின்னது என்றால் மூச்சு வாங்கும். எனவே கடையில் "வாட்ஸ் எவ்வளவு சார்?" என்று கேட்காதீர்கள். "8 ஓமில் எவ்வளவு, 4 ஓமில் எவ்வளவு?" என்று கேளுங்கள். 8-ல் 80, 4-ல் 150 என்றால் தைரியமாக வாங்கலாம். 4 ஓம் பேச்சையே எடுக்காத ஹோம் தியேட்டர் ரிசீவர் என்றால் கடைக்காரர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

உதாரணத்துக்கு, 1978-ல் வந்த நேட் 3020 ஆம்ப், காகிதத்தில் வெறும் 20 வாட்ஸ். முரட்டு ஸ்பீக்கர்களையும் ஓட்டிக் காட்டி உலகெங்கும் பேர் வாங்கியது. எண்பதுகளில் வந்த அபோஜீ சின்டில்லா ஸ்பீக்கரோ 1 ஓமுக்கு இறங்கி, பெரிய பெரிய ஆம்புகளையெல்லாம் படுக்க வைத்தது.

இன்னொரு சூதும் உண்டு. சென்சிட்டிவிட்டியை 2.83 வோல்ட்டில் அளப்பார்கள். 8 ஓமுக்கு அது 1 வாட். 4 ஓமுக்கு 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் '90 டெசிபல்' என்று இருந்தால் மனசுக்குள் 87 என்று படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் வந்தாலே ஹால் முழுக்க 'உம்'மென்று முழங்குகிறது. ஆம்பை மாற்றிவிடவா? (குரோம்பேட்டை)

பதில்: ஆம்ப் பாவம், விட்டுவிடுங்கள். ஹால் பத்தடி அகலம்தானே? பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி வீங்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் உங்கள் பில்டரும் கூடச் சேர்ந்து வாசிக்கிறார். பத்து லட்ச ரூபாய் ஆம்பும் அவரை நிறுத்தாது. ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுங்கள். நாற்காலியையும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஸ்பீக்கரின் பின்பக்கத் துளையில் பழைய சாக்ஸைச் சுருட்டி அடையுங்கள் (துவைத்தது). டைல்ஸ் தரையில் விரிக்கும் பவானி ஜமக்காளம் மேல் சுரங்களின் எதிரொலியைத்தான் குறைக்கும். 55 ஹெர்ட்ஸ் அதை மதிக்காது.

பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் டவர் ஸ்பீக்கரே அநாவசியம், நல்ல புக்‌ஷெல்ஃப் போதும் என்பது என் கட்சி. இதை எழுதினால் சேலையூர்க்காரர் கோபித்துக்கொள்வார்.

கேள்வி: என் 87 டெசிபல் டவருக்கு 300பி வால்வு ஆம்ப் வைக்க ஆசை. (மேடவாக்கம்)

பதில்: ஒற்றை 300பி வால்வில் வருவது சுமார் 8 வாட்ஸ். அதற்கு 95 டெசிபலுக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டும். கொச்சியின் ரீதம் கம்பெனி அந்த ஜாதி ஸ்பீக்கர்களுக்கே பேர்போனது. உங்கள் டவரில் தாலாட்டு கேட்கலாம். தவிலுக்கு முன் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மகன் நியூஜெர்சியிலிருந்து ஆம்ப் கொண்டுவருகிறான். (மாடம்பாக்கம்)

பதில்: அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் முதல் பாட்டே மங்களம். பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று இப்போதே போட்டோ கேளுங்கள். இல்லையென்றால் தாராளமான அளவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும்.

கேள்வி: மீட்டர் பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கர் ஒயர் வாங்கலாமா? (பெருங்களத்தூர்)

பதில்: எலெக்ட்ரிக்கல் கடையில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வாங்குங்கள். நாலு மீட்டர் தூரத்துக்கு, போக வர எட்டு மீட்டரில், அதன் தடை 0.06 ஓம்கூட இல்லை. மிச்சப் பணத்தில் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு லட்ச ஆம்புக்கும் இருபது லட்ச ஆம்புக்கும் வித்தியாசம் தெரியுமா? (வேளச்சேரி)

பதில்: கண்ணுக்கு நன்றாகத் தெரியும். காதைப் பற்றிக் கேட்டால், 1985-ல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற ஆம்ப் வடிவமைப்பாளர், தன் மலிவான ஆம்பை மாற்றியமைத்து விலையுயர்ந்த ஒன்றைப் போலவே ஒலிக்க வைப்பதாக ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்குச் சவால் விட்டார். செய்தும் காட்டினார், விமர்சகர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஸ்பீக்கரை ஓட்டும் தெம்பு இருக்கும் வரை, மேற்கொண்டு கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் அலுமினியத்துக்கு.

கேள்வி: பெரிய மோனோபிளாக் ஆம்ப் ஒரு ஜோடி வாங்கப்போகிறேன். அதைத் தரையில் வைப்பதுதான் அழகாமே? (தரைத்தள வீடு, முடிச்சூர்)

பதில்: மூன்றாவது மாடிக்காரருக்கு அழகு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நானா சொல்ல வேண்டும்? ஆம்ப், காற்றோட்டமுள்ள மேல் தட்டில் இருக்கட்டும். டவர் ஸ்பீக்கரும் இருந்தால், அதைத் தூக்க ஜோடிக்கு நாலு ஆள் வேண்டும். அக்டோபரிலேயே சொல்லி வையுங்கள்.