புளியமூடு வரை நடந்தாப் போதும், மருமவனே

காலம்பற வந்து எறங்கினதும் திண்ணையில ஒரு சோடி கழட்டிப் போட்டியே மருமவனே, அதைப் பாத்துட்டு உங்க அத்தை, "பய பட்டாளத்துல சேந்துட்டானா?"ன்னு கேட்டா. இல்லட்டீ, பொண்டாட்டி பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நடக்கப் போறானாம்ன்னேன். எங்கன்னா. எங்கயும் இல்ல, சும்மா நடக்கதுக்குன்னேன். "சும்மா நடக்கதுக்கு எட்டாயிரம் ரூவாயிக்கு பூட்ஸா?"ன்னுட்டு அடுக்களைக்குள்ள போனவ இன்னும் வெளிய வரல்ல. ஒனக்குச் சாயா வரலன்னா காரணம் அதாக்கும்.

பொறவு நீ போனை நீட்டிப் படம் காட்டினே. இங்கிலாந்துல லேக் டிஸ்ட்ரிக்டாம். காட்டுக்குள்ள ஒரு பாதை, ஆத்தங்கரையில ஒரு பாதை, பழைய ஊருக்குள்ள நுழைஞ்சு போற பாதை ஒண்ணு. குடும்பத்தோட நடக்கத் தோதான வழின்னு பலகை எழுதி அம்புக்குறி போட்டு வச்சிருக்கான். அடுத்த வருசம் விசா எடுத்துப் போகணும்னு சொன்னே. கொள்ளாம், போயிட்டு வா. நான் வேண்டாம்னா நிக்கவா போறே? பழைய மருமக்கள்வழிக் காலமா இருந்தா மாமன் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டும். எனக்க வயலும் விளையும் ஒனக்குத்தானே வரும், வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டிருப்பே. 1926-ல சட்டம் வந்து அதைக் கெடுத்திட்டு. சொத்துதான் இல்லன்னு ஆச்சு, புத்தியாவது வாங்கிக்கோ.

அந்த லேக் டிஸ்ட்ரிக்டுக்க வாசல்ல கெண்டல்னு ஒரு ஊரு இருக்கு. 1890-ல அங்க பொறந்தவரு ஹோவர்டு சாமர்வெல். குடும்பத் தொழில் என்னன்னு நினைக்கே? ஷூ செய்யது! கே ஷூஸ்னு பேரு கேட்ட கம்பெனி. இவரு டாக்டருக்குப் படிச்சாரு, மலை ஏறினாரு. 1922-ல எவரெஸ்டுக்குப் போன கூட்டத்துல ஒருத்தரு. உச்சி கிட்டல்ல. சரி, வந்தது வந்தோம், இந்தியாவைச் சுத்திப் பாப்போம்னு தெக்க வந்தவரு நம்ம நெய்யூர் ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்த நோயாளிக் கூட்டத்தைப் பாத்தாரு. லண்டன்ல காத்துக் கெடந்த வேலையை வேண்டாம்னுட்டாரு. 1924-ல இன்னொரு தடவை எவரெஸ்டுக்குப் போயி, ஆக்சிஜன் இல்லாம ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறிட்டு, திரும்பி வந்தது எங்க? நெய்யூருக்கு. இருபது வருசத்துக்கு மேல இங்கதான் கெடந்து கத்தி பிடிச்சாரு. நம்ம இரணியல்ல நின்னு சத்தம் போட்டா நெய்யூர்ல கேக்கும். ஆக, ஷூ கம்பெனி வீட்டுப் பிள்ளை அங்க வச்சு இங்க வந்து, காலுக்குச் செருப்பு இல்லாத சனத்துக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. நீ இஞ்ச வச்சு அங்க போக பூட்ஸு வாங்கியிருக்கே. கணக்கு சரியாப் போச்சு.

நம்ம ஊருல அம்புக்குறி போட்ட பாதை இல்லியான்னு கேக்கே. இல்லடே. நம்ம சனம் அம்புக்குறி பாத்து நடந்தது கெடையாது. கூட்டத்தைப் பாத்து ஓடினதுதான். சிவாலய ஓட்டம் கேட்டிருக்கியா? மாசி மாசம் சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறை திருமலைக் கோயில்ல வச்சு கெளம்புவாவ. திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிகோடு, கடைசியா திருநட்டாலம். பன்னிரண்டு சிவன் கோயில். ஏறக்குறைய 110 கிலோமீட்டர்னு சொல்லுவாவ. ஒரு பகல், ரெண்டு ராத்திரிக்குள்ள காவித் துணியும் கையில ஒரு பனையோலை விசிறியுமா ஓட்டமும் நடையுமா முடிச்சிருவாவ. ஒவ்வொரு கோயில்லயும் குளத்துலயோ ஆத்துலயோ ஒரு முங்கு முங்கணும், ஈரத் துணியோட சாமிக்கு விசிறி வீசணும், பொறவு அடுத்த கோயிலுக்கு ஓடணும். ஒனக்க போன்ல இருக்க காடும் ஆறும் பழைய ஊரும் எல்லாம் இந்த ஒத்த வழியிலயே வந்துரும். ஸ்பெயின்ல கூட இப்படி ஒரு யாத்திரை உண்டாம், நடக்கவன் எல்லாம் பையில ஒரு சிப்பியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பானாம், நீதான் சொன்னே. சிப்பியை வச்சு என்ன செய்ய? விசிறின்னா வேர்த்தா வீசலாம், ஒக்காந்தா கீழ போட்டுக்கிடலாம், வெயிலுக்குத் தலையில வச்சுக்கிடலாம்.

இதுல ஒரு கூத்து இருக்கு. சிவன் கோயிலுக்கு ஓடுகவன் வாயில வரது "கோவிந்தா, கோபாலா". ஏன்னு உனக்க மவ கேட்டா இதைச் சொல்லு. தருமருக்க யாகத்துக்குப் புருஷாமிருகத்தைக் கூட்டிட்டு வரச் சொல்லி கண்ணன் வீமனை அனுப்புனாரு. பாதி மனுசன், பாதி மிருகம். பெரிய சிவபக்தன், பெருமாள் பேரைக் கேட்டாலே ஆவாது. வீமன் கிட்ட நின்னுக்கிட்டு "கோவிந்தா, கோபாலா"ன்னு சத்தம் போட்டுட்டு எடுத்தான் பாரு ஓட்டம். அது துரத்துது. பிடிக்க வாற நேரம் பாத்து வீமன் கையில இருந்த ருத்திராட்சம் ஒண்ணைக் கீழ போடுவான். அது சிவலிங்கமாயிரும். புருஷாமிருகம் கோவத்தை மறந்து நின்னு பூசை செய்யும். அதுக்குள்ள இவன் ஒரு கல் தூரம் ஓடிருவான். இப்படிப் பன்னிரண்டு ருத்திராட்சம், பன்னிரண்டு கோயில்.

பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நடக்கதுக்கு இதை விட பெரிய பாடம் எந்தப் பொஸ்தகத்துல இருக்கு? போன தடவை கோயிலுக்கு நடக்கும்போதே பாத்தேனே. "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?"ன்னு இளையவன் கேக்கான், நீ போனைப் பாத்து "இரண்டு புள்ளி நாலு கிலோமீட்டர்"ங்கே. ஆறு வயசுப் பயலுக்குப் புள்ளி நாலு என்ன மசுருக்கு? அவன் அங்கயே குத்த வச்சுட்டான். வழியில எதையாவது போட்டுக்கிட்டே போவணும்டே. ருத்திராட்சம் வேண்டாம், மடியில நாலு மட்டிப்பழம் போதும். தூரத்தை ஒருநாளும் கிலோமீட்டர்ல சொல்லாதே. நம்ம ஆளுவ ஊருக்கெல்லாம் புளியமூடு, ஆலமூடு, மாமூடுன்னு எதுக்குப் பேரு வச்சான்? மரத்து மூட்டுல நிழல் உண்டும், ஒக்காரலாம். "அந்தா அந்தப் புளியமூடு வரை"ன்னு சொல்லு. அங்க போனதும் பழம் ஒண்ணு குடு. பொறவு அடுத்த மூடு. தூரம் தானே குறையும்.

நாளைக் காலம்பற ஆறு மணிக்கு எறங்கிரணும். ஒம்பது மணி வெயில்ல எறங்கினா பிள்ளைய அழாது, நீ அழுவே. முதல்ல நம்ம அரண்மனை. இரணியசிங்கநல்லூருன்னு பெரிய பேரா இருந்தது தேஞ்சு இரணியல் ஆச்சுன்னு சொல்லுவாவ. ரொம்ப வருசம் கூரை விழுந்து, சுவத்துல மரம் மொளச்சுக் கெடந்தது. வசந்த மண்டபத்துல கல்லுல செஞ்ச கட்டில் ஒண்ணு உண்டும். சேரமான் பெருமாள் ராசாக்க கதையெல்லாம் அதைச் சுத்தித்தான். மெத்தை இல்லாம ராசா எப்படித் தூங்குவாருன்னு இளையவன் கேப்பான். ராசா ஆனா தூக்கம் வராது மக்கா, அதனால கல்லு போதும்னு சொல்லிரு.

அங்க வச்சு வடக்க போனா திருவிதாங்கோடு. பாத்தா சின்ன ஊருதான். வேணாட்டு ராசாக்க இருந்த இடம். இந்த ஊருக்க பேரைத்தான் ஒரு ராச்சியம் முழுக்கத் தூக்கிட்டுத் திரிஞ்சுது, வெள்ளக்காரன் வாயில அது டிராவன்கூர் ஆச்சு. சிவாலய ஓட்டத்துக்குப் பத்தாவது கோயில் இஞ்ச இருக்கு. தோமையாரு வந்து கட்டினதுன்னு நம்புத அரப்பள்ளியும் இஞ்சதான். தக்கலை போனா பீர் முகமது அப்பா தர்கா. ஒரு காலம்பற நடையில மூணு சாமியும் வழியிலயே கிட்டும். இங்கிலாந்துப் படத்துல அது உண்டுமா?

இந்த வழியில ஒரு சாதனம் தட்டுப்பட்டா மட்டும் நின்னு காட்டணும். ரெண்டு கல்லை நட்டமா நிறுத்தி, மேல ஒரு கல்லைக் குறுக்க வச்சிருப்பாவ. ஆளு உசரத்துக்கு நிக்கும். பஸ் ஸ்டாப்புல ஒக்காருக பெஞ்சுன்னு உனக்க பொண்டாட்டி நினைச்சிருப்பா, ஏறி இருந்து படம் எடுக்கக் கூட நோக்குவா. அது சுமைதாங்கிடே. தலைச்சுமையோட சந்தைக்கு நடக்கவன், கை குடுக்க ஆளில்லாத வழியில, குனியாம நிமிந்த மேனிக்கே சுமையை அந்தக் கல்லுமேல நவுத்தி வச்சுட்டு, கொஞ்சம் கழுத்தைத் தடவிட்டு, பொறவு தலையை அடியில குடுத்துத் தூக்கிட்டுப் போவான். அதுக்குத்தான் அந்த உசரம். நடக்கவனுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவன் வச்ச கல்லு. நீ உனக்க பையை அதுல ஒரு தடவை வச்சுப் பாரு. அந்தப் பையில என்னத்தை எல்லாம் கட்டி வச்சிருக்கேன்னு அப்பதான் தெரியும்.

தக்கலையில வச்சு பத்மநாபபுரம் கூப்பிடு தூரம். திங்கக்கிழமை மட்டும் போயிராதே, பூட்டு தொங்கும். அரண்மனை நிக்கது நம்ம மண்ணு, பாத்துக்கிடுகது கேரளா சர்க்கார். 1956-ல எல்லையைப் பிரிச்சப்ப பாகப்பிரிவினை அப்படி. உள்ள தரையில உனக்க முகம் தெரியும். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேத்து அரைச்சு இட்டதுன்னு சொல்லுவாவ. மூத்தவ பூட்ஸைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடக்கட்டும், அதுக்குக் காசு கெடையாது. அங்க இன்னொரு கதையும் சொல்லு: நவராத்திரிக்கு இந்த அரண்மனையில வச்சுத்தான் சரஸ்வதி அம்மையும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குக் கெளம்புவாவ. ஒரே ஓட்டமாப் போயிருவாவளா? ஒருநாள் குழித்துறையில தங்கல், ஒருநாள் நெய்யாற்றின்கரையில தங்கல். சாமியே தங்கித் தங்கிப் போவுது, நீ என்னத்துக்கு மணி பாத்து நடக்கே?

மறுநாளைக்கு உதயகிரிக் கோட்டை. பெரிய பெரிய மரம், மான் உண்டும். குளச்சல் சண்டையில 1741-ல மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்து, பொறவு அவருக்கே படைத் தலைவனா இருந்த டச்சுக்காரன் டிலனாய் 1777-ல செத்து அங்கதான் கெடக்கான். அங்க வச்சு குமாரகோவில், வேளிமலை அடிவாரம். வள்ளியாறு அந்த மலையில பொறந்து கடலுக்குப் போற குட்டி ஆறு. கரையோரம் கொஞ்ச தூரம் நடந்தாலும் கொள்ளாம், பிள்ளைகளைத் தண்ணியில மட்டும் எறக்காதே. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வண்டியிலயே போயிரு. ஆத்துக்கு மேல தொட்டியில தண்ணி ஓடும், பக்கத்துல 115 அடி உசரத்துல ஆளு நடக்கலாம். உனக்குத் தலை சுத்தும்னு எனக்குத் தெரியும். பிள்ளைகள் முன்னால போட்டும், நீ செருப்புக் கட்டுகது மாதிரி குனிஞ்சுக்கோ. அதுக்காவது அந்த பூட்ஸு உதவட்டும்.

காடு வேணும்னு நிக்கே. போன தடவை பேச்சிப்பாறை பக்கம் போயி, "காட்டுக்குள் நாங்கள்"னு படம் போட்டியே, அது ரப்பர் தோட்டம்டே! ரப்பர் மரம் வரிசையா நிக்கும், காடு வரிசையா நிக்காது. உள்ளது உள்ளபடி காட்டுக்குள்ள போவணும்னா வனத்துறைக்காரன்கிட்ட கேட்டுட்டுப் போ. ஆனைக்கு ஒனக்க போன்ல இருக்க பாதை தெரியாது, அதுக்கு அதுக்க பாதைதான்.

என்ன கேக்கே? நான் வரலியான்னா? வாறேன், வாறேன். நீங்க ஆறு மணிக்கு நடங்க. நான் எட்டு மணிக்கு ஆட்டோ பிடிச்சு முன்னால போயி அரப்பள்ளி பக்கம் நிழல்ல இருக்கேன். வரும்போது ரசவடை நாலு வாங்கிட்டு வந்துரு, சூடா இருக்கணும். முட்டு வலிக்கி மக்கா, வயசாச்சில்லா. வாலிபத்துல பன்னிரண்டு கோயிலும் ஓடினவனாக்கும் நான், விசிறி இன்னும் பரண்ல கெடக்கு.

அடுக்களையில என்ன சிரிப்பு? உங்க அத்தைதான். அவ சொல்லுகதைக் கேக்காதே. திற்பரப்பு வரை ஓடினேன். அங்க வச்சு பொன்மனைக்குப் பஸ்ஸு நின்னுது. கால்ல கொப்புளம். ஒரே ஒரு கோயில் தூரந்தான்டே... ரெண்டுன்னு வச்சுக்கோ. சாமிக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், அத்தைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் நாப்பது வருசமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.