கருவறைக்கு ஒரு சொர்க்கவாசல்

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கிக் கொடுத்த பெட்டிகளில் விண்டோஸும் இருந்தது, சி-டாக்கின் சென்னை ஆட்கள் டெபியனைப் பிடித்துச் செதுக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் எதில் படம் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம். பேருக்குத்தான் பாஸ். ஆனால் அதற்குள் உட்கார்ந்திருந்த கெர்னலின் ஸ்தல புராணம் லேசுப்பட்டதல்ல.

1960-களில் தொடங்கிய மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளக் கோயிலுக்கு எட்டுப் பிராகாரம், அதாவது பாதுகாப்பு வளையம், வைத்தார்கள். ஸ்ரீரங்கத்துக்கே ஏழுதான்! 1985-ல் இன்டெல் தன் 386-ல் நாலு கட்டியது. லினக்ஸும் விண்டோஸும் கெர்னலுக்குக் கருவறையையும் புரோகிராம்களுக்கு வெளி மண்டபத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டன. நடுவில் இரண்டும் புல் முளைத்துக் கிடந்தன. டாஸில் இந்த ஆசாரமே இல்லை, கண்ட புரோகிராமும் செருப்போடு உள்ளே போய் வந்தது.

லினக்ஸில் அது நடக்காது. உள்ளே ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால், அந்த நாட்களில் வேண்டுதலின் எண்ணை ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் வைத்து, ஹெக்ஸ் 80 என்ற மணியை அடித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. 3 என்றால் படி, 4 என்றால் எழுது, 1 என்றால் முக்தி. அதற்கு மேல் புரோகிராமே கிடையாது.

நின்று கும்பிடவும் விடமாட்டார்கள். டெபியனில் நொடிக்கு 250 முறை டைமர் எட்டிப் பார்க்கும், நேரம் முடிந்தவனை 'ஜருகண்டி' என்று தள்ளும். தள்ளுவதற்கு முன் அவன் ரெஜிஸ்டர்கள், எந்த வரியில் நின்றான் என்பது எல்லாம் குறித்துவைக்கப்படும். அடுத்த முறை அதே எழுத்திலிருந்து தொடர்வான். குறிப்பதில் பெரிய செலவில்லை. நினைவக வரைபடம் மாறுவதால் புதிதாக வந்தவனுக்குக் கேஷில் வேண்டியது பெரும்பாலும் கிடைக்காது, சூடேற நேரமாகும். காசு கரைவது அங்கேதான். ஒரே புரோகிராமின் திரெட்டுகளுக்கு வரைபடம் பொது, அதனால் அந்தத் தண்டம் குறைவு.

2002-ல் ஒரு கூத்து. புத்தம்புது பென்டியம் 4, இந்த மணி விஷயத்தில் பழைய பென்டியம் 3-ஐவிட மந்தம் என்று புகார் வந்தது. சிஸ்என்டர் என்ற குறுக்குவாசல் 1997-லிருந்தே சிப்பில் இருக்கிறது. லினக்ஸ்காரர்கள்தான் அந்தப் பக்கம் போகவில்லை. லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் அதைத் திறந்துவிட்டது டிசம்பரில். மார்கழியில் சொர்க்கவாசல் திறப்பது நமக்குப் புதிதா என்ன! இன்னொரு சிக்கனமும் வந்தது: மணி என்ன என்று கேட்க உள்ளே வராதீர்கள் என்று வெளி மண்டபத்திலேயே கடிகாரத்தை மாட்டிவிட்டார்கள்.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிப் ஓட்டை வெளியானது. வெளியே நின்றபடியே உள்ளிருப்பதை உளவு பார்க்கலாமாம். ஒவ்வொரு முறையும் திரை போட்டு விலக்க ஆரம்பித்தார்கள். மிச்சம் பிடித்த வேகத்தில் ஒரு பங்கு திரைக்கே போயிற்று.

2019-ல் யென்ஸ் ஆக்ஸ்போ ஐஓ-யூரிங் என்றொரு உண்டியல் வைத்தார். வேண்டுதல்களை மொத்தமாகப் போட்டால் போதும், பிரசாதம் பக்கத்துத் தட்டில் வரும். அதில் ஓட்டை மேல் ஓட்டை கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசு கொடுத்து அலுத்த கூகுள், தன் சர்வர்களில் உண்டியலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டதாக 2023-ல் சொன்னது.