வண்டியின் கால் நீளம்

கேள்வி: கால் எட்டவில்லை என்று என் ஹிமாலயன் 450-ஐ முன்னும் பின்னும் 25 மி.மீ. இறக்கினேன். இப்போது சைடு ஸ்டாண்டில் விட்டால் விறைப்பாக நிற்கிறது. காற்றடித்தால் வலப்பக்கம் விழுந்துவிடுமோ என்று பயம். எந்த ஸ்டாண்டு வாங்கலாம்?

பதில்: விழும். அந்தப் பக்கம் தாங்க ஆளில்லையே! இருக்கை உயரம் 825 மி.மீ.தான், தாழ்வான சீட்டையும் கம்பெனியே விற்கிறது. சீட்டை மாற்றாமல் வண்டியையே உட்கார வைத்துவிட்டீர்கள். உங்கள் கால் எட்டியது, அதன் கால் நீண்டுவிட்டது.

கடைக்கு ஓடுமுன் அளந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் அடியில் ஒரே கனப் பலகை வைத்து, ஸ்டாண்டைத் தரையில் ஊன்றுங்கள். பழைய சாய்வு வரும்வரை பலகையைக் கூட்டுங்கள். ஸ்டாண்டில் குறைக்க வேண்டிய நீளத்துக்கு அந்தக் கனம்தான் கணக்கு. ஸ்டாண்டு சரிந்து நிற்பதால் வெட்டு அதைவிடச் சற்றுக் கூடும்.

நீளம் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்டு நல்லதுதான். ஆனால் பூட்டும் போல்ட் தளர்ந்தால் வண்டி படுத்துவிடும். என் ஓட்டு பழைய ஸ்டாண்டுக்கே. கழற்றி, ஸ்பிரிங் கொக்கிக்குக் கீழே வெட்டி, உள்ளே கம்பி செருகி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வண்டியில் மாட்டியபடியே வெல்டிங் வைக்கிறேன் என்பவரிடம் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வாருங்கள். அதிகம் வெட்டினாலும் வம்பு: இடப்பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்து, நிமிர்த்துவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டிருந்தால் இனி வண்டியைக் கூடுதலாகத் தூக்க வேண்டும். அதற்குத் தேவை புது ஸ்டாண்டு அல்ல, ஒரு மச்சான்.