கோத்திரம் கேட்கும் ஸ்விட்ச்

எங்கள் அலுவலக நெட்வொர்க் ஸ்விட்ச்சை மனதாரப் பாராட்டுகிறேன். ஃபைபர் போர்ட்டில், ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூலைச் செருகினால், வேலை செய்யுமா என்று அற்பத்தனமாகப் பார்ப்பதில்லை. முதலில் குலம், கோத்திரம். கட்டைவிரல் நீள உலோகத் துண்டுக்குள் சின்னதாக ஒரு நினைவகம். அதில் கம்பெனிப் பெயருக்கென்று 16 எழுத்து இடம். அதைப் படித்து, 'நம்மவர் இல்லை' என்று போர்ட்டை மூடிவிடுகிறது.

யார் செய்த மாட்யூலும் யார் பெட்டியிலும் பொருந்தட்டும் என்று 2000-லேயே கம்பெனிகள் கூடி ஒப்பந்தம் போட்டன. பொருந்தத்தான் செய்கிறது. 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் அன்பை எதிர்பார்க்கலாமா?

எந்தக் கம்பெனி மாட்யூலிலும் அதே 1310 நானோமீட்டர் ஒளி, அதே 10 கிலோமீட்டர் தூரம். ஆனால் ஒளிக்கும் வம்சம் வேண்டும் இல்லையா! இந்த ஒழுக்கம் சமையலறைக்கும் வர வேண்டும். அரிசி மூட்டையின் முத்திரையைப் பார்த்த பிறகுதான் குக்கர் விசிலடிக்க வேண்டும்.

சிலர் ஒரு சின்னக் கருவியை வைத்து அந்த 16 எழுத்தையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். கெஜட்டில்கூடப் போடாமல் பெயர் மாற்றம்! நாங்கள் மானஸ்தர்கள். பல மடங்கு விலை கொடுத்து அசலையே வாங்கினோம்.

ஸ்விட்ச் மாலை மரியாதையோடு ஏற்றுக்கொண்டது. லிங்க் மட்டும் வரவில்லை. இரண்டு மணி நேரம் கமாண்ட் அடித்துக் களைத்தபோது, கேபிள் இழுக்க வந்த தம்பி எட்டிப் பார்த்தார்.

"சார், ரெண்டு இழையும் மாறியிருக்கு. மாத்திக் குத்துங்க."

பச்சை விளக்கு எரிந்தது. இதை மட்டும் ஸ்விட்ச் கேட்கவே இல்லை. நல்ல குடும்பத்தில் போய் அப்படியெல்லாம் கேட்பார்களா?